பெருமயில் அந்துப்பூச்சியும் மணத் தூதின் வரலாறும்

ஐரோப்பாவின் அந்துப்பூச்சிகளுள் மிகப் பெரியது பெருமயில் அந்துப்பூச்சி. 1775இல் வியன்னாவின் டெனிஸும் ஷிஃபர்முல்லரும் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினர். பழுப்புச் சிறகுகளை விரித்தால் 15 செ.மீ. அகலம் இருக்கும், அதைத் தாண்டுவனவும் உண்டு. நான்கு சிறகுகளிலும் கண் போன்ற வட்டங்கள். வான் கோ 1889 மே மாதத்தில் சேன் ரெமி மனநல விடுதியில் இதை வரைந்தார். மண்டையோட்டு அந்துப்பூச்சி என்று எண்ணியே வரைந்தார்.

தென் ஐரோப்பாவின் பழத்தோட்டங்கள் இதன் வாழிடங்களுள் ஒன்று. முட்டையிலிருந்து கறுப்பாக வெளிவரும் புழு, தோலுரிக்கத் தோலுரிக்கப் பச்சையாகி, நீல முத்துகள் பதித்தாற்போன்ற புடைப்புகளைப் பெறும். பாதாம், பேரி, ஆப்பிள் இலைகளைத் தின்று கொழுத்தபின் கூடு கட்டிக்கொள்ளும். கூட்டின் வாயில் விறைத்த இழைகள் கூம்பாகக் குவிந்திருக்கும். உள்ளிருந்து தள்ளினால் விலகும், வெளியிலிருந்து வருவதற்கு வழிவிடாது. குளிர்காலம் கூட்டுக்குள் கழியும். வசந்தத்தில் வெளிவரும் பூச்சிக்கு இரை உண்ணும் வாயுறுப்பு இல்லை. புழுப்பருவத்துச் சேமிப்பே அதன் சில நாள் ஆயுள். அதற்குள், இருட்டில், துணையைக் கண்டாக வேண்டும்.

எப்படிக் காண்கிறது? பிரான்ஸின் செரினியான் கிராமத்தில் இக்கேள்வியை ஆண்டுக்கணக்கில் துரத்தியவர் ழான் ஆன்றி ஃபாப்ர். ஒரு மே மாதக் காலையில் வெளிவந்த பெண்பூச்சியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்றிரவு ஏறத்தாழ நாற்பது ஆண்பூச்சிகள் வீட்டுக்குள் புகுந்தன. சுற்றுவட்டாரத்தில் பாதாம் மரங்களே அரிது என்பதால் அவை தொலைவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று கணித்தார். பலரும் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த இரவைத்தான். என் பார்வையில், வரலாற்றின் திருப்பம் அதற்குப் பிந்தைய பெட்டிச் சோதனைகளில் இருக்கிறது. காற்றுப்புகாமல் மூடிய கலத்தில் பெண்பூச்சியை அடைத்தபோது ஓர் ஆண்பூச்சியும் வரவில்லை. மூடி சற்றே தளர்ந்திருந்தால், அலமாரிக்குள் ஒளித்து வைத்தாலும் வந்தன. மணத்தைத் தவிர வேறு விளக்கத்துக்கு இங்கே இடமில்லை.

ஆயினும் அவர் தயங்கினார். நாப்தலீன் நெடியைச் சுற்றிலும் பரப்பியும் ஆண்பூச்சிகள் தடுமாறவில்லை. சிறுமயில் அந்துப்பூச்சியோ பெண்பூச்சி இருந்த திசை நோக்கி வீசிய வாடைக்காற்றோடு வந்தது. மணம் காற்றை எதிர்த்துப் போகுமா? கம்பியில்லாத் தந்தி பேசப்பட்ட அக்காலத்தில், கண்ணுக்குப் புலப்படாத ஏதோ அலையோ என்றுகூட யோசித்தார். பின்னர் ஓக் அந்துப்பூச்சியில் ஐயம் நீங்கியது. கண்ணெதிரே கண்ணாடிக்குள் இருந்த பெண்பூச்சியை விட்டுவிட்டு, அது முன்பு அமர்ந்திருந்த வெற்றிடத்தையே ஆண்பூச்சிகள் மொய்த்தன.

இப்படி ஈர்க்கும் மணப்பொருள் எது என்பதைக் கண்டறிய வேதியியல் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து அவற்றின் மணப்பொருளான பாம்பிகாலைச் சில மில்லிகிராம் பிரித்தெடுத்து, 1959இல் அதன் அமைப்பை அடால்ஃப் பூட்டனாண்ட் குழு வெளியிட்டது. அதே ஆண்டில் கார்ல்சனும் லூஷரும் இவ்வகைப் பொருள்களுக்கு ஃபெரோமோன் என்று பெயரிட்டனர்.

நாப்தலீன் தோற்றதற்கும் அதன்பின்தான் விடை தெளிந்தது. ஆண்பூச்சியின் இறகு போன்ற உணர்கொம்பில் தன் இனப் பெண்ணின் மணப்பொருளுக்கென்றே உணர்செல்கள் உள்ளன. பிற நெடி அவற்றை மறைப்பதில்லை. இன்று ஆப்பிள், பேரித் தோட்டங்களில் காய்த்துளைப்பான் அந்துப்பூச்சியைக் கட்டுப்படுத்த, அதன் பெண்ணின் மணத்தையே செயற்கையாகச் செய்து தோட்டமெங்கும் நிரப்புகிறார்கள். ஆண்பூச்சிகள் இணையைக் காணாமல் அலைகின்றன.