‘ஏ’ சுரத்தின் உயரம்

மேலைநாட்டுச் சேர்ந்திசைக் குழுக்கள் சுருதி சேர்க்கும்போது ஆதாரமாகக் கொள்ளும் ‘ஏ’ என்ற சுரம் நொடிக்கு 440 முறை, அதாவது 440 ஹெர்ட்ஸ் அளவில், அதிர வேண்டும் என்பது இன்று உலகளாவிய தர நிர்ணயம். ஆயினும் அந்த எண்ணை இயற்கையும் தரவில்லை, இசை இலக்கணமும் தரவில்லை. ஒரு சுரம் ஒரு ஸ்தாயி ஏறினால் அதன் அதிர்வெண் இருமடங்காகும் என்பதை இலக்கணம் சொல்லும். எந்த எண்ணிலிருந்து இருமடங்காக்கத் தொடங்குவது என்பதை மனிதர்கள்தான் கூடி முடிவுசெய்ய வேண்டும். ஐரோப்பியர் அதை முடிவுசெய்த வரலாற்றில் இசைவாணர்களின் செவியைவிட ஆர்கன் செய்தவர்கள், இராணுவ வாத்தியக் குழுக்கள், அமைச்சகங்கள், வானொலிப் பொறியாளர்கள் ஆகியோரின் வசதியே பெரிதும் செல்லுபடியாயிற்று.

கர்நாடக இசையில் இத்தகைய வழக்கு எழ இடமில்லை. பாடுபவர் தம் குரலுக்கு ஒத்த ஆதார சட்ஜத்தைத் தாமே வைத்துக்கொள்ள, தம்பூராவும் மிருதங்கமும் அதற்கு இணங்கிவிடும். எனினும் அச்சுருதியை ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று குறிக்கும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணியதால் உண்டானது. அக்கணக்கில் ‘சி’ ஒரு கட்டை, ‘ஏ’ ஆறு கட்டை.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் சுருதி வேறுபட்டது, ஒரே ஊரிலும் கோயிலுக்கு ஒன்று, அரண்மனைக்கு ஒன்று என்றிருந்தது. தேவாலய ஆர்கனின் குழாய் நீளமானால் ஒலி தாழும், குறுகினால் உயரும். ஒருமுறை வெட்டிய குழாயை எளிதில் நீட்ட முடியாது என்பதால், ஆர்கன் செய்தவர் வைத்த சுருதியே பல தலைமுறைகளுக்கு அவ்வூர்ச் சுருதியாக நிலைத்தது. ரோமில் அது தாழ்ந்தும் வெனிஸில் உயர்ந்தும் இருந்தது. ஜெர்மானிய இசையறிஞர் மிக்கேல் பிரெடோரியஸ் 1619இல் வெளியிட்ட கருவியியல் நூலிலேயே இக்குழப்பத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருந்தது. ஜெர்மனியில் தேவாலயப் பாடகர் குழுவுக்குரிய சுருதி ஒன்று, அரங்கக் கருவிகளுக்குரிய சுருதி மற்றொன்று என இரண்டு வழங்கின. லைப்சிக் நகரத் தேவாலயங்களில் ஆர்கன் மற்றக் கருவிகளைவிட ஒரு முழுச்சுரம் உயர்ந்து ஒலித்தமையால், அங்கு இசைப் பொறுப்பில் இருந்த செபாஸ்டியன் பாக் தம் படைப்புகளில் ஆர்கனுக்குரிய ஏட்டை மட்டும் ஒரு முழுச்சுரம் தாழ்த்தி எழுதச் செய்தார். வயலின்காரர் முன்னிருந்த தாளில் ‘ஜி’ என்றும் ஆர்கன் வாசித்தவர் முன்னிருந்த தாளில் ‘எஃப்’ என்றும் எழுதப்பட்டிருக்க, கேட்டவர் செவிக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன.

இங்கிலாந்து அரசவையில் எக்காளம் ஊதிய ஜான் ஷோர் என்பவர் 1711இல் இசைக்கவையை உருவாக்கினார். இரு கிளைகளுள்ள இந்த எஃகுக் கவையைத் தட்டினால் ஏறத்தாழ மாறாத ஒரே சுரம் எழும். கிளைகளின் நுனியை அரத்தால் தேய்த்தால் சுருதி ஏறும், அடிப்பகுதியைத் தேய்த்தால் இறங்கும். இதனால் ஒரு நகரத்தின் சுருதியைச் சட்டைப் பையில் வைத்து இன்னொரு நகரத்துக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. 1751ஆம் ஆண்டைச் சேர்ந்ததும் இசையமைப்பாளர் ஹேண்டலோடு தொடர்புபடுத்தப்படுவதுமான கவை ஒன்று 422.5 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆயினும் கவை சுருதியைக் காத்ததே தவிர எண்ணிச் சொல்லவில்லை. நம்பகமான எண்ணிக்கைக்கு வழிகாட்டியவர் கிரெஃபெல்ட் நகரத்துப் பட்டு உற்பத்தியாளரான யோகான் ஹைன்ரிக் ஷைப்லர். ஏறக்குறைய ஒரே சுருதியுள்ள இரண்டு கவைகளைச் சேர்த்து ஒலித்தால் ஒலி ஏறியிறங்கித் துடிக்கும். விம்மல் எனப்படும் அத்துடிப்பு நொடிக்கு எத்தனை முறை நிகழ்கிறதோ அத்தனையே இரண்டு கவைகளின் அதிர்வெண்களுக்கு இடையிலான வேறுபாடு. ஐம்பதுக்கு மேற்பட்ட கவைகளை ஒரு ஸ்தாயி முழுவதும் படிப்படியாக அடுக்கி, அடுத்தடுத்த இணைகளின் விம்மல்களை எண்ணிக் கூட்டினால் முதல் கவையின் அதிர்வெண்ணே கிடைத்துவிடும், ஏனெனில் கடைசிக் கவை முதலதன் இருமடங்கு. இந்த அளவீட்டின் அடிப்படையில் ஷைப்லர் முன்மொழிந்த 440 என்ற எண்ணை 1834இல் ஸ்டட்கார்ட்டில் கூடிய ஜெர்மானிய இயற்கை அறிவியலாளர் மாநாடு பரிந்துரைத்தது. நடைமுறையில் அதைப் பின்பற்றியவர் குறைவு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுருதி எங்கும் ஏறிக்கொண்டே போயிற்று. அரங்குகள் பெரிதாக, ஒலி கூர்மையாகவும் பளிச்சென்றும் கேட்க வேண்டும் என்ற விருப்பம் வளர்ந்தது. காற்றிசைக் கருவி செய்தவர்கள் சற்றே உயர்ந்த சுருதியில் செய்த கருவிகளுக்குப் பிற கருவிகள் இணங்க வேண்டியதாயிற்று. வயலின்காரர் தந்தியை முறுக்கிவிட்டுத் தப்பலாம், பாடகரின் தொண்டைக்கு முறுக்காணி கிடையாது. பாரிஸ் ஓபராவில் ‘ஏ’ 448 ஹெர்ட்ஸை எட்டிய நிலையில், 1858இல் பிரெஞ்சு அரசு ஒரு குழுவை அமைத்தது. ரோசினி, பெர்லியோஸ், மேயர்பீர் ஆகிய இசையமைப்பாளர்களோடு லிஸ்ஸஜூ என்ற இயற்பியலாளரும் அதில் இடம்பெற்றார். ஐரோப்பிய நகரங்களிலிருந்து கவைகளை வரவழைத்து ஒப்பிட்ட அக்குழுவின் பரிந்துரைப்படி, 15 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ‘ஏ’ 435 என்று 1859இல் அரசாணை பிறந்தது. இசைச் சுருதி ஒன்றைச் சட்டமாக்கிய இந்த நடவடிக்கை பிரெஞ்சு நிர்வாகத்தின் இயல்புக்கு மிகவும் ஏற்றது என்றே சொல்ல வேண்டும்.

இத்தாலியில் இசையமைப்பாளர் வெர்டி 1884இல் 432ஐ ஆதரித்து எழுதினார். மறு ஆண்டு வியன்னாவில் கூடிய பன்னாட்டு மாநாடு பிரான்சின் 435ஐ ஏற்றது. முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் எழுதப்பட்ட வெர்சாய் உடன்படிக்கையின் 282ஆம் பிரிவு, போருக்கு முந்தைய எந்தெந்த ஒப்பந்தங்கள் தொடரும் என்று பட்டியலிடும்போது இச்சுருதி ஒப்பந்தத்தையும் சேர்த்துக்கொண்டது. பிரித்தானியர் வேறு கணக்குப் போட்டனர். அரங்கு சூடேறினால் குழல்களுக்குள் இருக்கும் காற்றும் சூடேறி ஒலி உயரும் என்பதால், 15 பாகையில் 435 என்பது 20 பாகையில் 439 ஆகும் என்று கொண்டு, இலண்டன் பில்ஹார்மோனிக் சங்கம் அதுவரை வழங்கிய 452க்கும் மேற்பட்ட சுருதியைக் கைவிட்டு 1896இல் 439க்கு இறங்கியது. இராணுவ வாத்தியக் குழுக்கள் மட்டும், கருவிகள் அனைத்தையும் மாற்றும் செலவு பெரிது என்பதால், 1920களின் பிற்பகுதி வரை பழைய உயர்சுருதியிலேயே முழங்கின.

இறுதி முடிவு 1939 மே மாதம் இலண்டனில் ஏற்பட்டது. வானொலி எல்லை தாண்டி இசையைக் கொண்டுசென்ற காலம் அது. அமெரிக்கக் கருவித் தொழிலும் இசைக்கலைஞர் சங்கமும் முன்னரே 440க்கு வந்திருந்தன. 439க்குப் பதில் 440 தேர்வானதில் மின்னணுவியலுக்கும் பங்குண்டு: நொடிக்குப் பத்து லட்சம் முறை அதிரும் படிகத்தின் அலையை 1000ஆல் வகுத்து, 11ஆல் பெருக்கி, 25ஆல் வகுத்தால் மிகத் துல்லியமாக 440 கிடைக்கும், 439 ஒரு பகா எண், அதை இவ்வாறு சிறிய எண்களைக் கொண்டு உண்டாக்க முடியாது. நாஜிகள் மனிதகுலத்தைக் கலவரப்படுத்த 440ஐத் திணித்தனர், 432தான் இயற்கையின் சுருதி என்று இப்போது பரவும் கதைக்கு, ஷைப்லரின் 1834ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒன்றே போதிய மறுப்பு. பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு 1955இல் 440ஐப் பரிந்துரைத்து, 1975இல் மீண்டும் உறுதிசெய்தது.

அதன் பின்னரும் வியன்னா, பெர்லின் குழுக்கள் 443 அளவில் இசைக்கின்றன. பழங்காலக் கருவிகளைக் கொண்டு பாக் காலத்து இசையை நிகழ்த்துவோர் 415ஐப் பொதுச் சுருதியாக வைத்துள்ளனர். பழைய கருவிகளில் அதையொட்டிய சுருதிகள் காணப்படுவது உண்மையே. எனினும் துல்லியமாக 415 என்று வைத்ததற்குக் காரணம், அது 440க்குச் சரியாக அரைச்சுரம் கீழே இருப்பது. ஆர்ப்சிகார்டு எனும் தந்திமீட்டும் விசைக்கருவியின் கட்டைப் பலகையை ஒரு கட்டை அளவு பக்கவாட்டில் நகர்த்தினால், அதே கருவி இரண்டு சுருதிகளுக்கும் பயன்படுகிறது.