உட்செவியும் உழைப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

விஞ்ஞான வரலாற்றைப் பேரறிஞர்தம் கண்டுபிடிப்புகளின் பட்டியலாகக் கூறிச்செல்லும் மரபு நம்மிடையே வேரூன்றியுள்ளது. அப்பட்டியல் பொய்யன்று, ஆயின் முழுமையானதுமன்று. உட்செவி பற்றிய அறிவின் வளர்ச்சியை நோக்கின் இது தெளிவாகும்.

அரிஸ்டோட்டில் வழிவந்த மரபிலே, காதினுள் பிறவியிலேயே அடைபட்ட காற்று உண்டென்றும் அதுவே கேள்விக்கு ஆதாரமென்றும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நம்பப்பட்டு வந்தது. 1561இல் இத்தாலியரான பலோப்பியோ உட்செவியின் நத்தைச்சுருளை விவரித்துப் பெயரிட்ட பின்னரும் அந்நம்பிக்கை நீடித்தது. 1760ஆம் ஆண்டளவில் நேப்பிள்ஸ் நகரத்துக் கொட்டுன்யோ, அங்கு நிறைந்திருப்பது காற்றன்று, திரவமே என நிறுவினார். 1851இல் அல்பொன்சோ கோர்ட்டி நுணுக்குக்காட்டியின் துணையுடன் நத்தைச்சுருளின் அடித்தள மென்சவ்வின் மீதமைந்த கேள்வியங்கத்தை விவரித்தார். அதிர்வை நரம்புக் கணத்தாக்கமாக மாற்றும் மயிர்க்கலங்கள் அங்கேயே உள்ளன.

இனி, பட்டியல் கூறாது விடுவதை நோக்குவோம். செம்பு தட்டுவோர் செவிடராவதை இத்தாலிய மருத்துவர் ரமசினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தார். கைத்தொழிற் புரட்சி அவ்விரைச்சலைப் பன்மடங்காக்கியது. 1886இல் கிளாஸ்கோவில் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து, கேள்வியிழப்பு அவர்களிடையே எத்துணை பரவலானது என்பதை வெளிப்படுத்தினார். 1890இல் ஹாபர்மான், உலோகத் தொழிலாளி ஒருவரின் உட்செவியை இறப்பின் பின் ஆராய்ந்து, நத்தைச்சுருளின் அடிச்சுற்றிலே கோர்ட்டியின் அங்கம் சிதைந்திருப்பதைக் கண்டார். உயர்சுருதி ஒலிகளை ஏற்பது அப்பகுதியே என்ற கருத்துக்கு அச்சிதைவு சான்றாயிற்று. பெயரறியாத் தொழிலாளரின் இழப்பு விஞ்ஞானத்தின் ஆதாரமாயிற்று எனலாம்.

அவ்விழப்பின் சமூகப் பொருளும் மனங்கொள்ளத்தக்கது. உயர்சுருதி மங்குகையில் உயிரொலிகளினும் உரசொலிகளே முதலில் நழுவுகின்றன. பேச்சு காதில் விழும், பொருள் விளங்காது. மனிதரில் அழிந்த மயிர்க்கலம் மீண்டும் வளர்வதில்லை. ஆதலின் பட்டறையில் விற்கப்பட்ட உழைப்போடு, வீட்டிலும் சங்கத்திலும் உரையாடும் ஆற்றலும் சேர்ந்தே பறிபோயிற்று.

மூலதனத்தின் தேவையும் இவ்வறிவை வளர்த்தது. நத்தைச்சுருளில் ஒலி பயண அலையாகச் செல்வதை 1928இல் வெளியிட்ட பெக்கெசி, புடாபெஸ்டில் தபால் துறையின் ஆய்வுகூடத்தில் தொலைபேசிச் சிக்கல்களை ஆராய்ந்தவர். அவ்வாய்வுக்காக 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும் யாந்திரிகமான முடிவுக்கு நாம் வருதல் தகாது. கொட்டுன்யோவின் திரவத்தை எந்தச் சந்தையும் வேண்டி நிற்கவில்லை. விஞ்ஞானத்துக்குத் தன்னளவிலான இயக்கமுண்டு. ஆயின் எக்காது ஆராயப்பட்டது, எக்காது காக்கப்படாது விடப்பட்டது என்ற வினாக்களுக்கு உடற்கூற்றியல் மட்டும் விடைதராது. பார் தம் ஆய்வை வெளியிட்டபோதே காரணம் அறியப்பட்டிருந்தது. தொழிற்சாலை இரைச்சலுக்குச் சட்டவரம்பு பல நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வந்தது. இடைப்பட்ட காலத்தில் குறைவாயிருந்தது அறிவன்று. அதனைச் செயற்படுத்தக்கூடிய சமூக பலமே.