முதல் 512 பைட்

பொத்தானை அமுக்கியதும் விண்டோஸ் வந்து வரவேற்கிறதே, அதற்கு முந்தைய சில நொடிகளில் உங்கள் கம்ப்யூட்டர் பச்சைக் குழந்தை. ஃபைல் தெரியாது, ஃபோல்டர் தெரியாது. யாராவது கைபிடித்து எழுப்பிவிட வேண்டும்.

1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியைக் கொண்டுவந்தபோது இதற்கு எளிய ஏற்பாடு ஒன்று செய்தார்கள். சிப்பில் நிரந்தரமாக எழுதப்பட்ட 'பயாஸ்' முதலில் விழிக்கும். ஃப்ளாப்பியின் முதல் செக்டாரை, அதாவது 512 பைட்டுகளை, மெமரியில் 31,744-ஆம் விலாசத்தில் இறக்கிவிட்டு, 'இனி உன் பாடு' என்று ஒதுங்கிக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் வந்தபின் அதற்கு ஒரே ஒரு பரிசோதனை: கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170-தானா? ஆமாம் என்றால் உள்ளே விடு. நீ யார், எவர் என்ற கேள்வியே கிடையாது.

அசெம்ப்ளி மொழி கற்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஏஹெச் ரிஜிஸ்டரில் 14, ஏஎல்-லில் 65 போட்டு 16-ஆம் இன்டரப்டைக் கூப்பிட்டால் திரையில் ஆங்கில 'ஏ' எழுத்து வரும். அடுத்து, 'இங்கேயே சுற்றிக்கொண்டிரு' என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பிராசஸர் நிற்காமல், அடுத்து மெமரியில் கிடக்கும் குப்பையையும் கட்டளை என்று நினைத்து நிறைவேற்றப் பார்க்கும். தாங்கிப் பிடிக்க ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லை. எல்லாம் உங்கள் பொறுப்பு.

கேள்வி கேட்காத இந்த வாசலில் 1986-ல் லாகூரிலிருந்து ஒரு விருந்தாளி நுழைந்தது. பாஸித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்'. தங்கள் மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டு காப்பி எடுப்பவர்களுக்காக எழுதினோம் என்றார்கள். அது அசல் பூட் செக்டாரை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு அதன் நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டது. மெமரியில் தங்கி, அடுத்தடுத்த ஃப்ளாப்பிகளுக்கும் தொற்றியது. ஐபிஎம் பிசியின் முதல் வைரஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் சகோதரர்களின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் இருந்தன. திருடன் விசிட்டிங் கார்டு வைத்துவிட்டுப் போன மாதிரி!

முதலில் வருபவன் கையில் முழு மெஷினும் போய்விடும் என்பது அப்போது புரிந்தது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் பரவிய 'செக்யூர் பூட்', டிஜிட்டல் கையெழுத்து உள்ள புரோகிராமை மட்டுமே எழுப்ப அனுமதிக்கிறது. பாதுகாப்புதான். ஆனால், பெரும்பாலான பிசிக்களில் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி மைக்ரோசாஃப்டுடையது. காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள்; முதலில் யார் உள்ளே வரலாம் என்று முடிவெடுப்பது இன்னொருவர். பல பிசிக்களில் இதை அணைத்துவைக்க முடியும். எத்தனை பேர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறோம்?

பழைய பிசி மாதிரியே நடிக்கும் இலவச எமுலேட்டர்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் உங்கள் 512 பைட்டை எழுதிப் பாருங்கள். சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் ஓர் அபிப்பிராயம் வந்துவிடும்.