எம்.எஸ்., மல்லாபூர், கொஞ்சம் சரித்திரம்

எம்.எஸ். என்றால் நம் வீடுகளில் சுப்புலட்சுமி. விமானம் ஏறி இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு அது மேல்படிப்பு. மூன்றாவதாக ஒரு அர்த்தம் இருப்பது 2016 மே மாதம்தான் எனக்குத் தெரிந்தது. ஹைதராபாத் மல்லாபூரிலிருந்து சித்தி மகள் போன் செய்து, "அண்ணா, எனக்கு எம்.எஸ்.னு சொல்றாங்க" என்றாள். மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்.

நரம்பு ஒரு மின்கம்பி என்றால் அதன் மேல் இருக்கும் உறைதான் மையலின். நம் உடம்பின் நோய் எதிர்ப்புப் படையே எதிரி என்று நினைத்து அதைக் கடித்துவிடுகிறது. கடிபட்ட இடத்தைப் பொறுத்து கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சில வாரங்களில் தானாகவே சரியாகி, மறுபடியும் வரும். இவளுக்கு 2014-லேயே ஒரு கண் மங்கியிருந்தது. கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள், பி12 ஊசி போட்டார்கள். இரண்டு வருஷம் போய்விட்டது.

டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு நான் அவளுக்கு அளித்த அறிவுரை: வேலையை விடு, ஓய்வெடு, குழந்தை பற்றி இப்போது யோசிக்காதே. சித்தி வேறொன்று சொன்னார். "அது குளிர் தேசத்துக்காரங்க வியாதிடா. டாக்டர் தப்பாச் சொல்லியிருப்பார்."

எல்லாமே நல்லெண்ணத்தில் சொன்னவைதான். ஆனால் எல்லாமே பழைய சரக்கு என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்த்தன் ஷார்கோ இந்த நோயைத் தெளிவாக அடையாளம் காட்டியது 1868-ல். அதற்கு முன்பே இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் தெஸ்தே, 1822-ல் கண் மங்கியது முதல் தன் உபாதைகளை டைரியில் எழுதி வைத்திருந்தார். இவர்கள் எல்லாம் ஐரோப்பியர்கள், எனவே சித்தியின் கட்சிக்குச் சாதகம். நம் ஊரில் நரம்பியல் மருத்துவமே தாமதமாக வந்தது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி 1949-லும், சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950-லும் தொடங்கினார்கள். பார்க்க ஆள் இல்லாத ஊரில் வியாதி அபூர்வமாகத்தான் தெரியும். 1971-ல் வேலூர் மருத்துவர்கள் இந்திய நோயாளிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1990-ல் மும்பையின் நோஷிர் வாடியாவும் பாட்டியாவும் பார்சிகளிடம் இது கணிசமாக இருப்பதைக் காட்டினார்கள்.

அதே 1990-ல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. நம் பக்கத்திலிருந்து பிரிட்டனில் குடியேறியவர்களிடம் எம்.எஸ். குறைவு. ஆனால் அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் வெள்ளைக்காரர்களுக்கு நெருக்கமான அளவில் இருந்தது. ரத்தம் ஒன்று, ஊர் வேறு. எனக்கும் இங்கே பிறந்த மகள் ஒருத்தி இருக்கிறாள். கனடா உலகிலேயே இந்த நோய் மிக அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. அப்படியும் இங்கே ஆயிரம் பேரில் மூன்று பேர் அளவுதான், பயந்து பெட்டி கட்ட வேண்டாம். ஆனால் பிள்ளை 'கண் மங்குது, கால் மரக்குது' என்று சொன்னால், 'ஃபோனைப் பார்த்துப் பார்த்துத்தான்' என்று தள்ளிவிடாதீர்கள்.

நிற்க. ஓய்வு விஷயத்துக்கு வருகிறேன். 1890-ல் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர், உடற்பயிற்சிக்குப் பிறகு சில நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைக் கவனித்தார். உடல் சூடானால், உறை போன நரம்பில் சேதி தடுமாறுகிறது. சூடு தணிந்தால் பழைய நிலை வந்துவிடும். இதை வைத்துப் பிற்காலத்தில் ஒரு பரிசோதனையே செய்தார்கள்: நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, அறிகுறி கூடினால் எம்.எஸ். என்று முடிவு கட்டுவது! எம்.ஆர்.ஐ. வந்த பிறகே அந்தக் கொடுமை ஒழிந்தது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்ட 'அசையாதே, படு' என்ற உபதேசம் போகவில்லை. 1996-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் பெட்டஜானும் குழுவினரும் 54 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு 15 வாரம், வாரம் மூன்று முறை உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நோய் மோசமாகவில்லை. வலு கூடியது, மனச்சோர்வு குறைந்தது.

இதை நான் படிப்பதற்கு முன்பே மல்லாபூர்க்காரி தானாகக் கண்டுபிடித்துவிட்டாள். நாச்சாரத்துக்கும் ஈ.சி.ஐ.எல்.லுக்கும் நடுவே, தொழிற்பேட்டையை ஒட்டிய இடம். மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். காலை ஐந்தரைக்கே நடக்கப் போய்விடுவாள். கழுத்தில் ஈரத் துண்டு, கையில் ஐஸ் தண்ணீர் பாட்டில். வெந்நீர்க் குளியல் கிடையாது. கரண்ட் போனால் கூலர் நிற்குமே என்று நகை வாங்க வைத்திருந்த பணத்தில் இன்வெர்ட்டர் வாங்கினாள். சித்திக்கு அதில் இன்னும் வருத்தம்தான். வேலையையும் விடவில்லை, பதினோரு மணிக்கு மேல் வெளியே அலையாத வேலையாக மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

குழந்தை விஷயத்தில் நான் ரொம்பவே பின்தங்கியிருந்தேன். எம்.எஸ். உள்ள பெண்கள் பிள்ளை பெறக் கூடாது என்று டாக்டர்களே ஒரு காலத்தில் சொன்னார்கள்தான். 1998-ல் 254 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஐரோப்பிய ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அட்டாக் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. பிரசவமான முதல் மூன்று மாதம் கூடியது, பிறகு பழைய அளவுக்கு வந்தது. அதாவது, பெறலாம். மருந்தை எப்போது நிறுத்துவது என்று டாக்டரோடு திட்டமிட வேண்டும், பெற்ற பிறகு வீட்டில் ஆள் துணை வேண்டும். இந்த இரண்டாவதில் நம் குடும்பங்கள் கெட்டி.

மருந்துதான் நீண்ட கதை. 1993-ல் முதல் இன்டர்ஃபெரான் அமெரிக்காவில் வந்தபோது சப்ளை போதாமல் குலுக்கல் முறையில் ஆள் தேர்ந்தெடுத்தார்கள். விலையைக் கேட்டாலே நம்மவர்களுக்கு அட்டாக் வரும். 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் புற்றுநோய்க்கான ரிட்டுக்சிமாப் மருந்தைத் தன் தயாரிப்பாக மலிவாகக் கொண்டுவந்தது. அது எம்.எஸ்.ஸைக் கட்டுப்படுத்துவது 2008-ல் ஆய்வில் தெரிந்தது. 2023-ல் உலக சுகாதார நிறுவனம் எம்.எஸ்.ஸுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. இவளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதுதான் ஏறுகிறது.

2016 டிசம்பரில் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அங்கீகரித்த 21 குறைபாடுகளில் எம்.எஸ்.ஸையும் சேர்த்தது. 1995 சட்டத்தில் அது இல்லை. சான்றிதழ் வாங்கக் கூச்சப்பட்டாள். 1985-ல் மும்பையில் தொடங்கிய எம்.எஸ். சங்கத்தின் ஹைதராபாத் கிளையில் சந்தித்த ஒரு பெண்மணிதான், "பார்க்க நன்றாக இருப்பதால் யாரும் நம்பமாட்டார்கள், காகிதத்தை வைத்துக்கொள்" என்றாராம்.

போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது பின்னால் அவள் பையன் அந்த ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினான். "அண்ணா, கொஞ்சம் பிடிங்க" என்று போனை மேஜையில் சாய்த்துவிட்டு அவன் பின்னால் போனாள். பத்து நிமிஷம் நான் மல்லாபூர் வீட்டின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.