லிஸ்பன் அரண்மனையும் ஓரியூர் செம்மணலும்

ஐரோப்பிய ராஜா ராணி கதை, போப்பாண்டவர் கதை எல்லாம் நமக்கு ரொம்ப தூரம்னு நினைக்கிறோம். அப்படி ஒண்ணும் தூரமில்லை. காரைக்குடியில பஸ் ஏறி தேவகோட்டை, திருவாடானை தாண்டிப் போனா ஓரியூர். போர்ச்சுகல் அரண்மனையில ஆரம்பிச்ச ஒரு கதை அங்கேதான் முடிஞ்சது.

ஜான் டி பிரிட்டோ 1647-ல் லிஸ்பனில் பிறந்த பிரபு வீட்டுப் பிள்ளை. அரசர் நான்காம் ஜானின் மகன் பெட்ரோவுக்கு விளையாட்டுத் தோழன். சின்ன வயசுல நோய் வந்து பிழைச்சதும், அவர் அம்மா சவேரியாருக்கு நேர்ந்துக்கிட்டபடி ஒரு வருஷம் ஏசு சபை அங்கியோடவே அரண்மனையில திரிஞ்சாராம். நம்ம ஊர் நேர்த்திக்கடன் மாதிரியேதான்! பிறகு நிஜமாகவே சபையில் சேர்ந்து 1673-ல் கப்பலேறினார். இங்கே காவியுடை, மரக்கறி உணவு, அருளானந்தர் என்ற பெயர்.

அன்றைக்கு சிவகங்கைச் சீமை தனியாகப் பிரியவில்லை. எல்லாம் கிழவன் சேதுபதி ஆண்ட மறவர் நாடு. 1686-ல் பிடிபட்டு சித்திரவதைப்பட்ட பிரிட்டோவை, இனி இங்கே போதிக்கக்கூடாது என்று எச்சரித்து விட்டுவிட்டார் சேதுபதி. பிரிட்டோ லிஸ்பன் போனார். விளையாட்டுத் தோழன் இப்போ அரசர் இரண்டாம் பெட்ரோ. இங்கேயே இருந்துடு என்று கேட்டும் நிற்காமல் 1690-ல் திரும்பி வந்தார்.

1693 ஜனவரியில் தடியத் தேவர் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கணும் என்பது நிபந்தனை. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதிக்கு உறவுப் பெண். அவள் அரண்மனையில் முறையிட்டாள். பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் பிரிட்டோவின் தலை விழுந்தது.

இந்த இடத்துல கொஞ்சம் லிஸ்பன் பக்கம் பார்க்கணும். அதே பெட்ரோ 1667-ல் தன் அண்ணன் ஆறாம் அபோன்சோவின் அதிகாரத்தைப் பறித்தவர். அண்ணன் மனைவி மரியா பிரான்சிஸ்கா கன்னிமாடத்துக்குள் போய், என் திருமணம் செல்லாது என்று திருச்சபையிடம் மனு கொடுத்தார். செல்லாது என்றே 1668-ல் தீர்ப்பும் வந்தது. உடனே பெட்ரோவுக்கும் அவருக்கும் கல்யாணம்!

ஆக, ரெண்டு இடத்துலயும் ஒரு பெண் முறையிட்டாள். அங்கே மனு ஜெயிச்சு ராணி அரண்மனையிலேயே தங்கினார். இங்கே முறையீட்டால் ஒருத்தர் உயிர் போச்சு, அவளுக்கு வாழ்க்கை திரும்பக் கிடைச்ச மாதிரி தெரியலை. கதை சொல்கிறவர்கள் அவளை வில்லியாக்கிவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தப்பே செய்யாமல் வீட்டை விட்டு அனுப்பப்பட்டவள் வேறென்ன செய்வாள்? அரசருக்கும் இது வெறும் குடும்பத் தகராறு இல்லை. பாளையத்தையும் அரண்மனையையும் கட்டி வைத்திருந்ததே இந்தக் கல்யாணங்கள்தான். 1710-ல் கிழவன் சேதுபதி இறந்தப்போ அவர் மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக ஏசு சபைக் கடிதம் சொல்கிறது. அவர்களை யாராவது கேட்டிருப்பார்களா?

பிரிட்டோவுக்கு ஒன்பதாம் பத்திநாதர் 1853-ல் அருளாளர் பட்டமும், பன்னிரண்டாம் பத்திநாதர் 1947-ல் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள். ஓரியூர் போகிறவர்கள் செம்மணலை அள்ளி முடிந்து வருவார்கள். அடுத்த முறை போகும்போது முறையிட்ட அந்தப் பெண்ணையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.