தத்துவ அங்கியில் ஒரு தற்காப்பாளர்: ஜஸ்டின்

பாலஸ்தீனின் நாப்லுஸ் நகரம் ரோமர் ஆட்சியில் ஃபிளாவியா நியாபொலிஸ் எனப்பட்டது. கி.பி. 100-ஐ ஒட்டி அங்கே பிறந்தவர் ஜஸ்டின். ஸ்டோயிக், அரிஸ்டாட்டில், பித்தாகரஸ் வழி ஆசிரியர்களை நாடிய அவர், பிளேட்டோவின் தத்துவத்தில் நிறைவு கண்டிருந்தார். கடலுக்கருகே சந்தித்த ஒரு முதியவரின் பேச்சே தம்மைத் தீர்க்கதரிசிகளின் பக்கம் திருப்பியது என்று எழுதுகிறார். கிறிஸ்தவரான பின்னும் தத்துவவாதியின் அங்கியை அவர் கழற்றவில்லை.

ரோமரின் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்த கிறிஸ்தவர்கள் மீது 'நாத்திகர்' என்ற பழி விழுந்தது. சுமார் 155-ல் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஜஸ்டின் 'அப்போலஜி' எழுதினார். கிரேக்கத்தில் இச்சொல்லுக்கு மன்னிப்பு என்பதல்ல, தற்காப்பு உரை என்பதே பொருள். பெயருக்காகத் தண்டிக்காமல் செயலை விசாரிக்கும்படி அதில் கேட்டார். பொய்த் தெய்வங்களை மறுப்பது நாத்திகம் என்றால் அதை ஏற்பதாகவும், மெய்யான இறைவனை மறுக்கவில்லை என்றும் வாதிட்டார். இதே பழி சாக்ரடீஸ் மீதும் சுமத்தப்பட்டதை நினைவூட்டினார்.

கிறிஸ்துவே 'லோகோஸ்', அதாவது இறைவனின் அறிவுச்சொல். அதன் விதைகள் கிரேக்க ஞானிகளிடமும் இருந்தன என்பது அவர் கொள்கை. அவருடைய மாணவர் டாட்டியனோ கிரேக்கக் கல்வியையே கடுமையாகச் சாடினார். தத்துவம் துணையா, பகையா என்ற கேள்வி ஆசிரியர், மாணவர் இடையிலேயே பிளவுபட்டது.

சுமார் 165-ல் ரோமில் ஜஸ்டின் விசாரிக்கப்பட்டார். பலியிட மறுத்ததால் மரண தண்டனை பெற்றார். தீர்ப்பளித்த நகர அதிகாரி ரஸ்டிகஸ், ஸ்டோயிக் தத்துவவாதி. பேரரசர் மார்கஸ் ஆரேலியஸின் ஆசிரியர்.