புறாவுக்கு எந்த எழுத்து?

சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் மக்தப் மாணவன் ஒருவன் படக்கதை நூல் ஒன்றை நம்மிடம் கொண்டுவந்தான். தவ்ர் குகையின் படம்: வாயிலில் சிலந்தி வலை, அருகே கூட்டில் இரண்டு புறாக்கள். "ஹஜ்ரத், இது குர்ஆனில் எந்த சூராவில் இருக்கிறது?" என்று கேட்டான். சூரத்துத் தவ்பாவின் 40ஆம் வசனத்தை எடுத்துக் கொடுத்தோம். தமிழாக்கத்தை விரல் வைத்துப் படித்து முடித்தவன், "சிலந்தி இல்லையே?" என்றான். பல ஆண்டுகளாக அக்கதையை அதே பாயில் அமர்ந்து சொல்லிவந்த நமக்கு உடனே பதில் வரவில்லை.

அவ்வசனத்தில் குகை உண்டு; இருவர் உண்டு; தோழருக்குச் சொன்ன ஆறுதல் உண்டு; கண்ணுக்குப் புலப்படாத படைகள் உண்டு. எதிரிகள் தம் காலடியைக் குனிந்து பார்த்தால் நம்மைக் கண்டுவிடுவார்களே என அபூபக்ர் (ரலி) அஞ்சியது புகாரியில் பதிவாகியுள்ளது. சிலந்தியோ இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக முஸ்னத் அஹ்மதில் வருகிறது. அந்த அறிவிப்பை இப்னு கஸீர் (ரஹ்) 'ஹஸன்' என்றார். பிற்கால ஆய்வாளர் பலர் பலவீனமானது என்றனர். புறாக்களின் செய்தி அதனினும் பலவீனமானது. எனினும் இமாம் பூஸீரி (ரஹ்) தம் புர்தாவில் புறாவையும் சிலந்தியையும் சேர்த்தே பாடினார். புர்தா ஓதப்பட்ட ஊர்களிலெல்லாம் அவ்விரண்டும் குடியேறிவிட்டன. நம் வீடுகளுக்கும் அவை வந்த வழி பெரும்பாலும் அதுவே.

இதில் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். சூரத்துந் நம்லில் எறும்பு தன் இனத்தாரை எச்சரிக்கிறது. சுலைமான் (அலை) புன்னகைக்கிறார்கள். அது இறைவசனம். படநூலிலோ அந்த எறும்பும் இந்தப் புறாவும் ஒரே வண்ணத்தில், ஒரே அளவில் அச்சாகியுள்ளன. பதினெட்டு வயதில் கல்லூரித் தோழன் ஒருவன் புறாவுக்கு வலுவான ஆதாரமில்லை என்று காட்டினால், நம் பிள்ளை புறாவோடு எறும்பையும் சேர்த்துக் கைவிடமாட்டான் என்பதற்கு யார் பொறுப்பு?

வலிமார்களின் சரிதையில் இச்சிக்கல் இன்னும் பெரிது. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488இல் இளைஞராக பக்தாத் சென்றார்கள், 561இல் மறைந்தார்கள். அவர்களைப் பற்றிய பெரும் கராமத் தொகுப்பான 'பஹ்ஜத்துல் அஸ்ரார்' நூலை எழுதிய ஷத்நவ்ஃபீ மறைந்தது ஹிஜ்ரி 713இல். அந்நூலில் நம்பத்தகாதவை பல உள்ளன என்று கண்டித்தவர் இப்னு ரஜப் (ரஹ்). அவர் ஷைகின் ஹன்பலி மத்ஹபையே சார்ந்தவர். ஷைகின் மேன்மையைப் போற்றியவர். ஆகவே இவ்வாறு ஆராய்வது வலிமார்களை மறுப்போர் நேற்றுக் கண்டுபிடித்த வழக்கம் அன்று. கராமத் உண்மை என்பது நம் அகீதா. ஒவ்வொரு கராமத் செய்தியையும் ஆராயாமல் ஏற்பது அகீதா அன்று.

தாயார் சட்டையில் தைத்துக் கொடுத்த நாற்பது பொற்காசுகளின் கதையை எல்லாரும் அறிவோம். கொள்ளையர் கேட்டபோது சிறுவர் மறைக்காமல் சொன்னார். இக்கதையில் அற்புதம் எதுவும் இல்லை. ஓர் இளைஞரின் வாய்மை மட்டுமே உண்டு. நாம் கண்ட ஒரு படநூலிலோ அவர் தலையைச் சுற்றி ஒளிவட்டம். கொள்ளையர் கண் கூசி விழுகின்றனர். ஒளிவட்டம் காக்கும் என்றால் அவருக்கு அச்சமே இருந்திராது. அஞ்சாதவர் உண்மை சொன்னதில் பிள்ளை கற்க என்ன இருக்கிறது?

படம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராத் ஆணையிட்டு, 1595இல் முடிவுற்ற 'சியரே நபி' ஆறு பாகங்களில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் இருந்தன. நபி (ஸல்) அவர்களின் திருமுகம் வெண்திரையால் மறைக்கப்பட்டிருந்தது. அதுவும் அரண்மனைக்காக உருவானது. மக்தப் பிள்ளைகளுக்காக அன்று. மாறாக, மௌலானா அபுல் ஹஸன் அலீ நத்வீ (ரஹ்) தம் சகோதரரின் மகனுக்காக எழுதிய 'கஸஸுன் நபிய்யீன்' சிறு சிறு வாக்கியங்களாலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது. அதை நடத்தும் நாள்களில் யாரும் மணியோசைக்குக் காத்திருப்பதில்லை.

அந்த மாணவனிடம் மறுநாள் பென்சில் ஒன்றைக் கொடுத்தோம். ஒவ்வொரு படத்தின் கீழும் குர்ஆன் என்றால் 'கு', ஹதீஸ் என்றால் 'ஹ', பிறர் சொன்ன கதை என்றால் 'க' என எழுதச் சொன்னோம். தெரியாததைக் கேட்டு எழுதலாம். புறாவின் கீழ் 'க' எழுதும்போது அவன் முகம் வாடியது. "இனி இதைப் பிடிக்கக் கூடாதா ஹஜ்ரத்?" என்றான். தாராளமாகப் பிடிக்கலாம், பெயர் தெரிந்து பிடி என்றோம்.

இப்போது அவன் தங்கையும் தன் நூலோடு வருகிறாள். அதில் நூஹ் (அலை) அவர்களின் கப்பல். மேலே ஒலிவ இலையைக் கவ்வியபடி இன்னொரு புறா. அது குர்ஆனில் இல்லை. வேதக்காரர் வழியாக வந்தது. இஸ்ராயீலிய்யாத்துக்கு 'இ' என நான்காவது எழுத்தை இருவருமே முடிவு செய்துகொண்டனர்.